பள்ளியில் பிள்ளையை அடித்தால் என்ன செய்வது? தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளையை அடிப்பது 1996-லிருந்து குற்றம். ஆனாலும் டர்பனில் நாலு தமிழ்க் குடும்பம் கூடும் இடத்தில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்த மாமா ஒருவர், பள்ளியில் தான் வாங்கிய பிளாஸ்டிக் பைப் அடிகளைச் சிரித்துக்கொண்டே எண்ணிச் சொல்வார். சென்னையிலிருந்து வேலைக்கு வந்த இளம் அப்பா, "எங்கப்பா வாத்தியார்கிட்ட, கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்கன்னு சொல்லிட்டு வந்தவரு" என்பார். அடியாத மாடு படியாது என்று ஆயா முடித்து வைப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை, அன்று காலை வகுப்பில் வாங்கியதைப் பற்றி வாயே திறக்காது.

நான் ஓர் அரசுப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருந்தவள். சட்டம் போதவில்லை என்று அங்கே எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பிரம்பை உயிரோடு வைத்திருப்பது "நாலு போடுங்க சார், நான் கேட்கவே மாட்டேன்" என்று நாமே கொடுக்கும் அனுமதி. அந்த அனுமதியைத் திரும்ப வாங்குவது எப்படி, அடி விழுந்துவிட்டால் எங்கே போவது, அடிக்காமல் வகுப்பை நடத்துவது எப்படி என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். காயம் பெரிது என்றால் இதை மட்டும் நம்பாமல் ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள்.

முதலில் சட்டம்

1995-ல் அரசியல் சாசன நீதிமன்றம், சிறுவர்களுக்குக் கோர்ட்டே பிரம்படி தண்டனை விதிக்கும் பழைய வழக்கத்தைச் செல்லாது என்றது. வில்லியம்ஸ் வழக்கு என்பார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பயஸ் லாங்கா. குற்றம் செய்த பையனையே அரசு அடிக்கக் கூடாது என்றான பிறகு, வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் பள்ளி அடிக்கலாம் என்று யார் வாதாட முடியும்? அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் வந்தது. அதன் 10ஆம் பிரிவு மிகச் சின்னது. பள்ளியில் எந்த மாணவருக்கும் யாரும் உடல் தண்டனை கொடுக்கக் கூடாது. மீறினால் தாக்குதல் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. "யாரும்" என்பதில் தலைமையாசிரியரும் அடக்கம், வாத்தியார் சொல்லி அடிக்கும் கிளாஸ் மானிட்டரும் அடக்கம். அதே 1996-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கைச் சட்டம் மனரீதியான கொடுமையையும் சேர்த்துத் தடுத்தது.

இதைக் கேட்டு வாங்கியதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. 1980களில் வகுப்புகளைப் புறக்கணித்த கோசாஸ் மாணவர் அமைப்பின் கோரிக்கைகளில், பள்ளியில் நடக்கும் அடியை நிறுத்துவதும் ஒன்று.

நமக்கு மிக முக்கியமானது 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தனியார் கிறிஸ்தவப் பள்ளிகள் சில சேர்ந்து, "எங்கள் மதப்படி பிள்ளையை அடித்துத் திருத்த வேண்டும், பெற்றோரே அந்த உரிமையை ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார்கள், எங்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்" என்று அரசியல் சாசன நீதிமன்றம் வரை போயின. நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய தீர்ப்பு, விலக்கு கிடையாது என்றது. ஆக, நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் ஆசிரியருக்கு அடிக்கும் அதிகாரம் வராது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வீட்டுக்குள்ளும் சட்டம் வந்துவிட்டது. "அளவாக, நியாயமாகக் கண்டித்தேன்" என்று பெற்றோர் சொல்லித் தப்பிக்கும் பழைய வழியை 2019 செப்டம்பரில் அதே நீதிமன்றம் மூடியது. கடைசியாக 2024-ல் பேலா என்று எல்லாரும் சொல்லும் கல்விச் சட்டத் திருத்தம், எதெல்லாம் உடல் தண்டனை என்பதை விரித்து எழுதியது.

எது அடியில் சேரும்

கையால் அறைவது, ரூலரால் விரல் நுனியில் தட்டுவது, பைப், பிரம்பு, டஸ்டரை வீசுவது, காதைத் திருகுவது, கிள்ளுவது, கிருதா முடியைப் பிடித்துத் தூக்குவது எல்லாம் சேரும். "லேசாத்தான் தட்டினேன்" என்பது பதில் ஆகாது; எவ்வளவு லேசு என்பது கணக்கிலேயே இல்லை.

தொடாமல் செய்வதும் சேரும். டாய்லெட் போக விடாமல் உட்கார வைப்பது, சாப்பாட்டை நிறுத்துவது, முட்டி போட வைப்பது, வெயிலில் ஓட விடுவது இதெல்லாம் அப்படி. தோப்புக்கரணமும் இதில் வரும். பிள்ளையார் முன்னால் பிள்ளை தானாகப் போடுவது வேறு; வாய்ப்பாடு தெரியவில்லை என்று ஐம்பது போட வைத்தால் அது தண்டனைக்காகக் கட்டாயப்படுத்திய உடற்பயிற்சி. மூளைக்கு நல்லது என்று யாராவது வாட்ஸாப்பில் விளக்கம் அனுப்புவார்கள். சட்டம் அதைக் கேட்காது.

சண்டை போடும் இரண்டு பையன்களை இழுத்துப் பிரிப்பது, ரோட்டுக்கு ஓடும் பிள்ளையின் கையைப் பிடிப்பது இவையெல்லாம் தண்டனை அல்ல. ஆசிரியர்கள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

முதல் படி: பிள்ளை சொல்லும் அந்த இரவு

பெரும்பாலான வழக்குகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பிள்ளை பாதி சொல்லும்போதே அப்பா, "நீ என்ன பண்ணினே?" என்பார். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அல்லது அம்மா கொதித்துப்போய், "எந்தக் கையால அடிச்சான், எத்தனை தடவை, பைப்பா பிரம்பா" என்று அடுக்குவார். பிள்ளை பயந்து ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டும். மறுநாள் தலைமையாசிரியர் முன்னால் அந்தத் தலையாட்டல் பொய்யாகத் தெரியும்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்ற ஒரே கேள்வி போதும். பிள்ளை தவறு செய்திருக்கலாம். செய்திருந்தாலும் அதைப் பற்றிய பேச்சு வேறொரு நாளுக்கு. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். "சார் கேவ் மீ பைப்" என்று சொன்னால் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதுங்கள், தமிழாக்க வேண்டாம். தேதி, எந்தப் பாடவேளை, எந்த அறை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதும் வேண்டும். எழுதியதன் கீழே உங்கள் கையெழுத்தும் நேரமும் இருக்கட்டும்.

காயம் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயமோ ரூலரோ வைத்தால் அளவு தெரியும். அன்றைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று எடுத்து வையுங்கள், ஏனென்றால் கன்றிப்போன இடம் மறுநாள்தான் கருக்கும்.

படத்தை வகுப்பு வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். கோபத்தில் விரல் துடிக்கும், புரிகிறது. போட்டால் பிள்ளையின் முகம் ஊரெல்லாம் சுற்றும், ஆசிரியர் அவதூறு என்று உங்கள்மேல் திரும்புவார், விசாரணைக்கு முன்னாலேயே சாட்சிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கதையைப் படித்துவிட்டு வருவார்கள்.

இரண்டாம் படி: டாக்டர்

தலையிலோ காதிலோ அடி விழுந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். கன்னத்தில் அறையும்போது செவிப்பறை கிழிவது உண்டு. வாந்தி, தலைச்சுற்றல், காது அடைப்பு, ரத்தம் எது இருந்தாலும் அன்றிரவே சாட்ஸ்வொர்த் பக்கம் என்றால் ஆர்.கே.கான் மருத்துவமனையோ, ஃபீனிக்ஸ் பக்கம் என்றால் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையோ, எது கிட்டவோ அங்கே போங்கள். எப்படிக் காயம் வந்தது என்று கேட்டால் மழுப்பாமல் பள்ளியில் ஆசிரியர் அடித்தது என்றே சொல்லுங்கள். அது கோப்பில் ஏறும். போலீஸுக்குப் போகும் எண்ணம் இருந்தால் காயத்தை டாக்டர் பதியும் ஜே88 என்ற படிவம் வேண்டும். ஸ்டேஷனில் கொடுப்பார்கள், டாக்டர் நிரப்புவார்.

மூன்றாம் படி: கடிதம்

நேரில் போய்க் கத்திவிட்டு வருவதைவிட ஒரு பக்கக் கடிதம் வலுவானது. நேரில் பேசியது காற்றோடு போகும். தலைமையாசிரியருக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள், நிர்வாகக் குழுத் தலைவருக்கு ஒரு நகல். உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

"என் மகன் இன்ன வகுப்பில் படிக்கிறான். இன்ன தேதி, இன்ன பாடவேளையில் தன்னை இன்ன ஆசிரியர் இன்ன பொருளால் அடித்ததாக அவன் சொன்னான். அவன் சொன்னதை இணைத்திருக்கிறேன். பள்ளிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. என் பிள்ளையை உடல் தண்டனைக்கு உட்படுத்த நான் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. முன்பு வாய்மொழியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன். என்ன நடவடிக்கை எடுக்கிறீர்கள் என்பதை ஐந்து பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்."

ஐந்து நாள் என்பது சட்டக் கெடு அல்ல, நீங்கள் வைக்கும் நியாயமான கெடு. அனுமதியைத் திரும்பப் பெறும் வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முந்தைய பெற்றோர் கூட்டத்தில் தாத்தா போய் "ரெண்டு போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். ஆசிரியர் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

அடி எதுவும் விழாத வீடுகளும் இந்த ஒரு வரியை ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளிக்கு எழுதிக் கொடுக்கலாம். ஒரு வகுப்பில் பத்துப் பெற்றோர் கொடுத்தால் பைப் அலமாரிக்குள் போய்விடும்.

நான்காம் படி: அந்தக் கூட்டம்

கூப்பிடுவார்கள். தனியாகப் போகாதீர்கள். கணவன் மனைவி இருவருமாகவோ, நிதானமாகப் பேசத் தெரிந்த ஓர் அண்ணனையோ பெரியம்மாவையோ கூட்டிக்கொண்டோ போங்கள். கூட வருபவர் பேச வேண்டாம், குறிப்பு எடுத்தால் போதும். அடித்த ஆசிரியரை எதிரில் வைத்துக்கொண்டு பிள்ளையைச் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அங்கே வழக்கமாகக் கேட்கும் பேச்சுகள் சில உண்டு. "வேறு எந்தப் பெற்றோரும் புகார் சொல்லவில்லையே." அவர்கள் சொல்லாதது அவர்கள் பாடு, இது என் பிள்ளையைப் பற்றிய கடிதம் என்று சொல்லலாம். "நீங்கள்தானே அடிக்கச் சொன்னீர்கள்?" 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பை இங்கே எடுங்கள்: பெற்றோர் சம்மதம் செல்லாது. "இவர் இருபது வருட சர்வீஸ், பிள்ளைகளுக்காக உயிரையே விடுபவர்." உண்மையாகவே இருக்கும். எனக்குத் தெரிந்த அடிக்கும் ஆசிரியர்களில் சோம்பேறிகள் குறைவு. ரிசல்ட் வர வேண்டும் என்ற வெறி பிடித்தவர்கள்தான் அதிகம். அதை மறுக்காமல், "சார் மேல மரியாதை இருக்கு, அடிக்கிறது மட்டும் நிக்கணும்" என்று சொல்லுங்கள். நம் சமூகத்தில் ஆசிரியரும் நாமும் ஒரே கோவிலுக்குப் போகிறவர்கள், அவருடைய அக்கா நம் பக்கத்துத் தெருவில் இருப்பார். காவடித் திருவிழாவில் எதிரெதிரே நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் எல்லாரும் விழுங்கிக்கொள்கிறார்கள். எழுத்தில் நடத்தினால் இந்த உறவுச் சிக்கல் ஓரளவு குறையும். கடிதத்துக்குக் கோபம் வராது.

மன்னிப்பு கேட்டு, இனி நடக்காது என்று ஆசிரியர் சொன்னால், காயம் பெரிதில்லை என்றால், அங்கேயே முடித்துக்கொள்ளலாமா? முடிவு உங்களுடையது. அப்படியே முடித்தாலும் பேசியதை அன்று மாலையே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்புங்கள். மறுபடி நடந்தால் அதுவே ஆதாரம்.

ஐந்தாம் படி: பள்ளியைத் தாண்டி மேலே

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்றில் போனால் மற்றது அடைபடாது, ஒரே நேரத்தில் மூன்றிலும் போகலாம்.

ஒன்று, வேலை கொடுத்தவர். அரசுப் பள்ளியில் மாகாணக் கல்வித் துறைதான் முதலாளி, புகார் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். சாட்ஸ்வொர்த் உம்லாசி கல்வி மாவட்டத்தில் வரும், ஃபீனிக்ஸ் பைன்டவுன் மாவட்டத்தில் வரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது துறை அல்ல, பள்ளி நிர்வாகக் குழு. அவர்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதும் குழுதான். யார் எந்தப் பதவியில் இருக்கிறார் என்று முதலிலேயே கேட்டுவிட்டால் இரண்டு மாத அலைச்சல் மிச்சம். ஆசிரியர் பணி பற்றிய 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடுங்காயம் உண்டாக்கும் நோக்கத்தோடு மாணவரைத் தாக்கியது நிரூபணமானால் பணிநீக்கம் கட்டாயம். அதற்குக் குறைந்த தாக்குதலுக்கு எச்சரிக்கையிலிருந்து பணிநீக்கம் வரை எதுவும் வரலாம்.

இரண்டு, சேஸ் என்று எல்லாரும் சொல்லும் தென்னாப்பிரிக்க ஆசிரியர் கவுன்சில். அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, பாடம் நடத்த வேண்டும் என்றால் இதில் பதிவு இருக்க வேண்டும். தனியார் பள்ளிப் பெற்றோருக்கு இது பெரிய துணை. கண்டனம், ஒரு மாதச் சம்பளத்துக்கு மிகாத அபராதம், பதிவேட்டிலிருந்து நீக்கம் என்று தண்டனை போகும். புகாரோடு ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரம் வையுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் காசு வாங்காமல் செய்து தருவார்கள்.

சேஸ் கொடுக்கும் தண்டனை மென்மையானது என்ற மனக்குறை பழையது. இரண்டு ஆசிரியர்கள் விஷயம் நீதிமன்றத்துக்கே போனது. ஒருவர் சிறுவனின் தலையில் பிவிசி பைப்பால் அடித்தவர், மற்றவர் ஒரு சிறுமியைக் காதில் ரத்தம் வரும்படி அடித்தவர். இருவரும் அபராதத்தோடும், நிறுத்தி வைக்கப்பட்ட பதிவு நீக்கத்தோடும் வகுப்புக்குத் திரும்பினார்கள். 2024-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனை முடிவைத் தள்ளி, பிள்ளைகள் தரப்பையும் கேட்டு மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: புகாரில் நடந்ததை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அதன் பிறகு பிள்ளை ராத்திரி தூங்குகிறதா, பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்கிறதா, எந்தப் பாடத்தில் மார்க் இறங்கியது என்பதையும் எழுதி, தண்டனை முடிவு செய்யும்போது எங்களையும் கேளுங்கள் என்று கோருங்கள்.

மூன்று, போலீஸ். தாக்குதல் வழக்கு பதியலாம். "இது பள்ளி விஷயம், அங்கேயே பேசிக்கொள்ளுங்கள்" என்று கவுண்டரில் சொன்னால், 10ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைக் காட்டுங்கள், ஸ்டேஷன் கமாண்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வழக்கு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால், அரசு அமைப்புகள்மேல் வழக்குத் தொடர ஆறு மாதத்துக்குள் எழுத்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. சீக்கிரம் வழக்கறிஞரைப் பாருங்கள். பேச யாராவது வேண்டும் என்றால், பிள்ளையேகூட, 116 என்ற எண்ணில் பிள்ளைகளுக்கான உதவி அமைப்பான சைல்ட்லைனைக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று. சக ஆசிரியர் அடித்துப் பிள்ளைக்குக் காயம் என்று தெரிந்தும் சும்மா இருப்பது உங்களுக்கே ஆபத்து. 2005-ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு, காயம் உண்டாகும்படி பிள்ளை கொடுமைப்படுத்தப்பட்டதாக நம்பக் காரணம் இருந்தால் ஆசிரியர் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது.

பழிவாங்கினால்

அடி நின்று ஏளனம் ஆரம்பிக்கும். "இவனைத் தொடாதீங்கப்பா, வக்கீல் வந்துடுவாரு" என்று வகுப்பு முன்னால் சொல்வார்கள். நானே பார்த்திருக்கிறேன். சட்டம் மனரீதியான கொடுமையையும் தடுக்கிறது என்பதால் இதையும் தேதியோடு எழுதி அதே கோப்பில் சேர்த்து, தலைமையாசிரியருக்கு இரண்டாவது கடிதம் போடுங்கள். வகுப்புப் பிரிவை மாற்றக் கேட்கலாம். பள்ளியையே மாற்றுவது கடைசி வழி; நண்பர்களைப் பிரிந்து போகும் பிள்ளைக்குத் தானே தண்டனை அனுபவிப்பதாகத் தோன்றும்.

ஆசிரியருக்கு: பைப்பை வைத்துவிட்டு என்ன செய்வது

"அடிக்காதே என்று எளிதாகச் சொல்லிவிட்டார்கள், நாற்பத்தைந்து பிள்ளைகளோடு நீ வந்து நின்று பார்" என்ற ஆசிரியரின் கோபம் நியாயம். கல்வித் துறை 2000-ல் மாற்று வழிகள் பற்றிக் கையேடு போட்டது. கையேடு வந்தது, வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை. இருந்தாலும் பலன் தரும் சில வழிகள் உண்டு.

ஆண்டின் முதல் இரண்டு வாரம் பாடத்தை அவசரப்படுத்தாமல் பழக்கங்களைச் சொல்லிக் கொடுங்கள். உள்ளே எப்படி வருவது, புத்தகத்தை எங்கே வைப்பது, பேச வேண்டும் என்றால் என்ன செய்வது, டாய்லெட் போக எந்த அட்டையை எடுப்பது. வகுப்பறைக் கலாட்டாவில் பெரும் பகுதி அடுத்து என்ன செய்வது என்று தெரியாத இரண்டு மூன்று நிமிட இடைவெளிகளில் தொடங்குகிறது. கரும்பலகையில் எப்போதும் ஒரு சின்ன வேலை எழுதியிருந்தால் அந்த இடைவெளி அடைபடும். விதிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம், பிள்ளைகளோடு சேர்ந்தே எழுதுங்கள்.

பின் பெஞ்சில் பேசுகிறவனைப் பெயர் சொல்லிக் கத்தினால் அவன் நாற்பது பேர் முன்னால் ஹீரோ ஆகிறான். பக்கத்தில் போய் மேசையில் விரல் வைத்துவிட்டு, பாடத்தை நிறுத்தாமல் நகர்ந்துவிடுங்கள். பாதி நேரம் அதுவே போதும். போதவில்லை என்றால் இடைவேளையில் தனியாக மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன நடந்தது, யாருக்குக் கஷ்டம் வந்தது, எப்படிச் சரி செய்யப் போகிறாய்? மேசையைக் கீறியவன் மேசையைத் தேய்க்கட்டும், நண்பனை அழ வைத்தவன் அவனோடு பேசிச் சரி செய்யட்டும்.

வீட்டுப்பாடம் எழுதாததற்கு அடிப்பதுதான் எனக்குப் புரியவே புரியாத விஷயம். ஏன் எழுதவில்லை என்று கேட்டுப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாத பிள்ளை இருக்கிறது, கரும்பலகையைப் படிக்க முடியாமல் பக்கத்தில் இருப்பவனைக் கேட்டு அதற்கும் அடி வாங்குகிற பிள்ளை. எழுத்துக்கள் குழம்புகிற பிள்ளை இருக்கிறது. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் உதவிக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்று கற்கத் தடுமாறும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவது பற்றி 2014-ல் வந்த சியாஸ் கொள்கை சொல்கிறது. ஒரு பிள்ளை மூன்றாம் முறை அதே தவறைச் செய்தால் அந்தக் குழுவுக்கு எழுதுங்கள்.

ஒழுங்குக்கு வழி இல்லாமல் இல்லை. பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்து மாலையில் நிறுத்தி வைக்கலாம், தினமும் வீட்டில் கையெழுத்து வாங்கி வரும் நடத்தைத் தாள் கொடுக்கலாம், பெரிய தவறு என்றால் நிர்வாகக் குழு விசாரித்துத் தற்காலிக நீக்கம் வரை போகலாம். மெதுவாகத்தான் நடக்கும். பைப் ஒரு நொடியில் அமைதி தரும் என்பது உண்மை. ஆனால் அதே பையன் அடுத்த வாரம் அதே காரணத்துக்காக அதே இடத்தில் நிற்பதையும் அந்த ஆசிரியர்கள் பார்க்கிறார்கள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு

இதைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிப்பதில்லை. கோவில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்பு, தேவார வகுப்பு, பரதம், மிருதங்கம் இவற்றில் பள்ளிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு நேராகப் பொருந்தாமல் போகலாம், ஏனென்றால் அந்தச் சட்டம் பேசுவது பள்ளிகளைப் பற்றி. அதனால் அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. தாக்குதல் எங்கே நடந்தாலும் தாக்குதல்தான். பெற்றோருக்கே 2019-க்குப் பிறகு அந்தச் சலுகை இல்லை, அவர்கள் பெயரில் குருவுக்கு எப்படி இருக்கும்?

இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறைப் பிள்ளைகள் ஆசைப்பட்டு வந்து "ழ" சொல்லிப் பழகும்போது, வராத நாக்குக்காகக் காதைத் திருகினால் அடுத்த சனிக்கிழமை அவர்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். வகுப்பு நடத்தும் சங்கங்கள் ஒரு பக்க நடத்தை விதி எழுதி, ஒவ்வொரு குருவிடமும் கையெழுத்து வாங்கி, கதவில் ஒட்டி வைக்கலாம். புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று ஒரு பொறுப்பாளரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அவர் அந்தக் குருவின் உறவினராக இருக்கக் கூடாது.

கடைசிப் படி: நிர்வாகக் குழுவில் உட்காருவது

பள்ளியின் நடத்தை விதியை எழுதுவது எஸ்ஜிபி என்கிற நிர்வாகக் குழு. பள்ளிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி மாணவர், பெற்றோர், ஆசிரியர் எல்லாரையும் கலந்துதான் அதை நிறைவேற்ற வேண்டும். ஓட்டுரிமை உள்ள மற்ற உறுப்பினர்கள் எல்லாரையும் சேர்த்த எண்ணிக்கையைவிடப் பெற்றோர் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆக, பெற்றோர் ஒத்துப்போனால் ஓட்டு நம் கையில். இது தெரியாமல், தலைமையாசிரியர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரும் குழுக்களே அதிகம்.

உள்ளே போனதும் மூன்றைக் கேளுங்கள். நடத்தை விதியில் உடல் தண்டனை இல்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா, பேலா சொல்லும் விரிந்த பட்டியலோடு? புகார் வந்தால் பதிய ஒரு பதிவேடு இருக்கிறதா, அதைப் பருவத்துக்கு ஒருமுறை குழு பார்க்கிறதா? அடிக்காமல் வகுப்பு நடத்தும் பயிற்சிக்கு பட்ஜெட்டில் ஏதாவது ஒதுக்கியிருக்கிறதா? மூன்றாவதைக் கேட்கும்போதுதான் ஆசிரியர்கள் உங்களை எதிரியாகப் பார்ப்பதை நிறுத்துவார்கள்.

தேர்தல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. கடைசியாக 2024 மார்ச்சில் நடந்தது, அடுத்தது 2027-ல். பிள்ளை அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும், நீங்கள் அங்கே வேலை செய்பவராக இருக்கக் கூடாது. பெயரை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். இருவரையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிப்பு பிள்ளையின் பையில்தான் வரும், பாதி வீடுகளில் அது டிபன் பாக்ஸுக்கு அடியில் கசங்கிக் கிடக்கும், தேடி எடுங்கள்.